கோடு ஏன் நடுங்குகிறது? வரையப் பழகுகிறவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மோட்டார் ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், வந்ததும் மோட்டாரைக் கழற்ற மாட்டார். கரண்ட் வருகிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டருக்குள் எறும்பு புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பாதி நாள் எறும்பாகத்தான் இருக்கும். வரையப் பழகுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். ஒரு கோடு நடுங்கியதும் நேராக மோட்டாரில் கை வைக்கிறார்கள்: "நமக்கெல்லாம் இது வராதுங்க."

நானும் அதைச் சொன்னவன்தான். கணக்கு எழுதும் வேலை. 36 வயதில் பென்சிலை எடுத்தேன். இப்போது அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் நோட்டைக் கொண்டுவந்து காட்டி, என்ன தப்பு என்று கேட்கிறார்கள். கேட்கக் கேட்க ஒன்று புரிந்தது: ஆட்கள் மாறுகிறார்கள், புகார்கள் மாறுவதில்லை. அந்தப் புகார்களை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுடையதைத் தேடி எடுங்கள். அதில் முதலில் சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள்; தீரவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தக் கிளம்பினால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவீர்கள்.

அதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு நிமிட வேலை ஒன்று. நோட்டை மேஜையில் படுக்கவைத்துக் குனிந்து வரைகிறீர்களா? அப்படியானால் தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகவும் சாய்வாகவும் இருக்கிறது. சுருங்கித் தெரிவதால், அதை ஈடுகட்டக் கை தானாகவே பெரிதாக வரைந்துவிடுகிறது. வரைந்து முடித்துச் சுவரில் சாய்த்துப் பார்த்தால் தலை பெருத்து, கால் சிறுத்து நிற்கும். "வரையும்போது சரியாத்தான் இருந்துச்சு" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கோளாறு. பரீட்சை அட்டையில் தாளைக் கிளிப் போட்டு, அடிப்பக்கத்தை மடியிலும் மேல்பக்கத்தை மேஜை விளிம்பிலும் சாய்த்து வையுங்கள். பார்வை தாளில் நேராக விழ வேண்டும். வலக்கைக்காரர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். இல்லாவிட்டால் கையின் நிழலிலேயே வரைந்துகொண்டிருப்பீர்கள்.

"கோடு நடுங்குது"

வேகத்தைப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் கோட்டுக்கு ஐந்து விநாடி எடுத்தால் யார் கையும் நடுங்கும். சைக்கிளை மெதுவாக ஓட்டினால் ஹேண்டில் ஆடுவது போலத்தான் இதுவும்.

தாளில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சில் முனை தாளில் படாமல், ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்குக் காற்றிலேயே நாலைந்து முறை கையை ஓட்டுங்கள். கைக்குப் பாதை பிடிபட்டதும், அதே வேகத்தில் முனையை இறக்கி ஒரே இழுப்பு. இழுக்கும்போது கண் போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே போனால் நடுக்கம் திரும்ப வந்துவிடும்.

புள்ளியைத் தாண்டிப் போகலாம், பக்கத்தில் விலகிப் போகலாம், இப்போதைக்கு அது பரவாயில்லை. கோடு வழவழப்பாக வருவது முதல் வேலை, குறி தப்பாமல் வருவது அடுத்த வேலை. இரண்டையும் ஒரே நாளில் கேட்டால் கை இரண்டையும் தராது. ஒரு பக்கத்துக்கு 30 கோடு, அவ்வளவுதான் பாடம்.

"முடி முடியா வருது"

கோழி கிண்டிய குப்பை மாதிரி, ஒரு கோட்டுக்குப் பதில் இருபது சின்னச் சின்னக் கீறல்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். தப்பாகப் போய்விடுமோ என்று அரை அங்குலம் இழுத்து நிறுத்துவது, சரிபார்ப்பது, மறுபடி அரை அங்குலம். பார்ப்பதற்கு ஓவியர் போட்ட ஸ்கெட்ச் போல இருப்பதால் இதுவே ஸ்டைல் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இரண்டு வாரம் பென்சிலை எடுத்து வைத்துவிட்டுப் பால்பாயின்ட் பேனாவில் வரையுங்கள். அழிக்க முடியாது என்று தெரிந்ததும் கை யோசித்துவிட்டு இழுக்கும். தப்பான கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டுத் திருத்தவும் கூடாது. அப்படிப் போட்டால் கண் அங்கேதான் முதலில் போகும். இருந்த தப்பு தடிமனாகிவிடும். விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

"நேர்கோடு வில்லா வளையுது"

ஒரு சோதனை. மணிக்கட்டைத் தாளில் ஊன்றி, விரலையும் அசைக்காமல், மணிக்கட்டை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். வில்தான் வரும். அதுதான் மணிக்கட்டால் முடியும். கையில் இருக்கும் ஒவ்வொரு மூட்டும் ஒரு காம்பஸ். மணிக்கட்டின் காம்பஸ் சின்னது, முழங்கையுடையது பெரியது, தோளுடையது அதைவிடப் பெரியது. காம்பஸ் பெரிதாகப் பெரிதாக வளைவு தெரியாமல் போகிறது. நீளக் கோட்டைத் தோளிலிருந்து இழுக்கச் சொல்வதன் காரணம் அவ்வளவே.

தோளிலிருந்து இழுப்பது என்றால் என்ன என்று எனக்கு வார்த்தையால் புரியவே இல்லை. அம்மா கோலம் போடுவதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. குனிந்து நிற்கிறார், கை எதிலும் ஊன்றவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைக் கசியவிடும் வேலையை மட்டும் செய்கின்றன. கோட்டை இழுத்துக்கொண்டு போவது முழுக் கை. கண் அடுத்த புள்ளியில் இருக்கிறது. அறுபத்தைந்து வயதில் வாசலில் இரண்டடி நீளத்துக்கு நடுக்கமில்லாமல் கோடு போடுகிறவரிடம் பென்சிலைக் கொடுத்தால், "எனக்கு ஏதுடா வரையத் தெரியும்" என்கிறார்.

ஆகவே பயிற்சிக்குச் சிக்குக் கோலத்தையே எடுத்துக்கொள்ளலாம். இடைப்புள்ளி 7 முதல் 4 வரை வைத்து, ஏ4 தாள் முழுக்க வருகிற அளவில், மணிக்கட்டை ஊன்றாமல் புள்ளிகளைச் சுற்றி வளைந்து போங்கள். கோடு எங்கே ஒடிகிறதோ அங்கே கை ஊன்றிவிட்டது என்று அர்த்தம். முழங்கையும் தோளும் ஒரு வாரம் லேசாக வலிக்கும். சரியான இடத்தில்தான் வேலை நடக்கிறது.

இன்னொரு சின்ன உபாயம்: ஒவ்வொருவர் கைக்கும் சுலபமான ஒரு திசை இருக்கும். எனக்குக் கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்கு. கோட்டுக்காகக் கையை முறுக்காதீர்கள், தாளைத் திருப்புங்கள். அட்டை சுற்றாமல் வரைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"டம்ளர் வாய் வாழைக்காய் மாதிரி இருக்கு"

எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஒழுங்காக வரைந்துவிட்டால் குடம், வாளி, அண்டா, லாரி டயர் எல்லாம் வரைந்த மாதிரி. அதனால் இதில் கொஞ்சம் அதிகம் நேரம் செலவழிக்கலாம்.

தப்பு இரண்டு இடத்தில் நடக்கும். ஒன்று, வாயின் இரு ஓரமும் கூராக முடியும். மேல் வளைவு ஒன்று, கீழ் வளைவு ஒன்று என்று தனித்தனியாக வரைந்து ஓரத்தில் ஒட்டவைப்பதால் வருவது அது. நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது. எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரத்தில் உருண்டுதான் திரும்பும். தாளில் இரண்டு இணைகோடு போட்டு, நடுவில் இரண்டு கோட்டையும் தொடுகிற மாதிரி நீள்வட்டங்களை நெருக்கமாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கையை எடுங்கள். திரும்பும் இடத்தில் கை தயங்கினால் மறுபடியும் வாழைக்காய்தான்.

இரண்டாவது தப்பு இன்னும் சுவாரசியமானது. வாயை ஓரளவு சரியாக வரைந்துவிட்டு, அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்தது போல நேர்கோடாக வரைவார்கள். கேட்டால், "மேஜை தட்டையாத்தானே இருக்கு?" என்பார்கள். அறிவு சொல்கிறது தட்டை என்று. கண்ணைக் கேட்கவே இல்லை.

டம்ளரைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு திறந்து ஒடுங்கிய நீள்வட்டமாகும். இறக்க இறக்க உருண்டுகொண்டே போகும். நேர் கீழே இறக்கித் தலைக்கு அடியில் பார்த்தால் முழு வட்டம். அப்படியென்றால் மேஜையில் நிற்கும் டம்ளரில் வாயைவிட அடிப்பாகம்தான் கண்மட்டத்திலிருந்து அதிகம் கீழே இருக்கிறது. ஆகவே அடிப்பாகத்தின் வளைவு வாயைவிட உருண்டு இருக்க வேண்டும். நேர்கோடு வர வழியே இல்லை.

நம்பிக்கை வராவிட்டால் கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாய், தண்ணீர் மட்டம், அடி என்று மூன்று நீள்வட்டமும் ஒன்றுக்குமேல் ஒன்று உருண்டு இறங்குவது தெரியும். வரையும்போது பின்பக்கத்து மறைந்த வளைவையும் சேர்த்து முழுதாக வரையுங்கள், பிறகு அழித்துக்கொள்ளலாம். பாதி நீள்வட்டம் மட்டும் வரைந்து சரியாக வந்ததை நான் பார்த்ததில்லை.

"பெட்டி பின்பக்கம் பெருசாயிடுது"

தீப்பெட்டி ஒன்றை மேஜையில் கோணலாக வையுங்கள். பெட்டிக்கு 12 விளிம்பு. ஒரே திசையில் ஓடுகிற விளிம்புகள் நாலு நாலாக மூன்று கூட்டம். நம்மைவிட்டு விலகிப் போகும் கூட்டம் எதுவானாலும், போகப் போக நெருங்க வேண்டும். தண்டவாளம் தூரத்தில் சேர்வது போல.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சிவப்புப் பேனாவை எடுங்கள். வரைந்து முடித்த பெட்டியின் விளிம்புகளை, விலகிப் போகும் திசையிலேயே, ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த சிவப்புக் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கிப் போனால் சரி. இரண்டு கோடு பாதியிலேயே முட்டிக்கொண்டாலோ, ஒன்றைவிட்டு ஒன்று விரிந்தாலோ, தப்பான விளிம்பு எது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். அடுத்த பெட்டியில் அந்த ஒரு விளிம்பை மட்டும் கவனித்தால் போதும். சிவப்புப் பேனா இல்லாமல் வெறுமே நூறு பெட்டி வரைவது, விடைத்தாளைத் திருத்தாமல் நூறு பரீட்சை எழுதுவது போல.

"பார்த்துத்தான் வரையுறேன், ஆனா அது மாதிரி இல்ல"

பார்க்கிறீர்களா என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பொருளைப் பார்த்தீர்கள், எத்தனை நேரம் தாளையே பார்த்தீர்கள்? தொடக்கத்தில் நான் பொருளை ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் தாளைப் பார்ப்பேன். அந்த ஐந்து நிமிடமும் ஞாபகத்திலிருந்து வரைந்ததுதான். ஞாபகம் கண் என்றால் இலை வடிவம், மூக்கு என்றால் 'ட' என்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருக்கிறது. அதைத்தான் தாளில் இறக்கும்.

அதை ஏமாற்ற ஒரு பழைய உபாயம் உண்டு. ஏதாவது ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்து, தலைகீழாகவே பார்த்து வரையுங்கள். இது மூக்கு, இது விரல் என்று பெயர் சொல்ல முடியாதபோது, இந்தக் கோடு எவ்வளவு சாய்கிறது, எங்கே திரும்புகிறது என்று பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது. திருப்பிப் பார்க்கும்போது நீங்களே ஒரு நிமிடம் நம்ப மாட்டீர்கள்.

அளவு தப்புகிறது என்றால் பென்சில் அளவு. கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை டம்ளரின் வாய்க்கு ஓர் ஓரத்தில் பொருத்தி, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு உயரத்தில் எத்தனை தடவை போகிறது? ஒன்றரையா, ஒன்றே முக்காலா? முழங்கை ஒருமுறை நேராக, மறுமுறை மடங்கி இருந்தால் அளவு பொய். ஸ்கேல் ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்குவதற்குச் சமம்.

முகத்தில் மட்டும் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள்: கண்ணை நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஏற்றிவிடுகிறார்கள். உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் நட்டநடுவில் இருக்கிறது கண். வீட்டில் கிடக்கும் பாஸ்போர்ட் போட்டோவில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முடியின் தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள். நாம் பேசும்போது பார்ப்பது கண்ணையும் வாயையும் மட்டும் என்பதால், மண்டையின் மேல் பாதி நம் கணக்கிலேயே வருவதில்லை.

"ஷேடிங் எல்லாம் ஒரே சாம்பல்"

பென்சிலைப் பாருங்கள். எச்பி (HB) என்று அச்சிட்ட சாதாரணப் பென்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கறுப்பு வேண்டும் என்று அழுத்தினால் தாளில் பள்ளம்தான் விழும். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டது. பிரான்சில் கோன்டே என்பவர் 1795-இல் கண்டுபிடித்த முறை. களிமண் கூடினால் கெட்டி, கிராஃபைட் கூடினால் மென்மையும் கறுப்பும். பி-க்கு முன்னால் எண் கூடக் கூட மென்மையும் கறுப்பும் கூடும். எச்பி-யோடு ஒரு 2பி, ஒரு 6பி போதும். பன்னிரண்டு பென்சில் டப்பா தேவையில்லை.

பென்சில் சரி என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். டியூப்லைட், ஜன்னல், ஹாலிலிருந்து வரும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து பொருளின் நிழலைத் துடைத்துவிடும். இராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேஜை விளக்கு அல்லது போன் டார்ச்சைப் பக்கவாட்டில் வையுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு முட்டை. இப்போது பாருங்கள்: வெளிச்சப் பக்கம், நிழல் தொடங்கும் கறுத்த பட்டை, அதற்கும் அப்பால் தாளிலிருந்து எதிரொளித்து லேசாக வெளுத்த விளிம்பு, கீழே விழுந்த நிழல். அந்த வெளுத்த விளிம்பை ரொம்ப வெளுப்பாக்கிவிடுவது எல்லோரும் செய்வது. அது எவ்வளவு வெளுத்தாலும் நிழல் பக்கத்தைச் சேர்ந்தது. வெளிச்சப் பக்கத்தைவிடக் கறுப்பாகவே இருக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

தொடங்குவதற்கு முன் தாள் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெள்ளையாக விட்டு, கடைசிக் கட்டத்தை 6பி-யால் முடிந்த மட்டும் கறுப்பாக்கி, நடுவில் மூன்று படிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். படத்தில் ஐந்தாம் கட்டத்துக் கறுப்பு எங்கேயாவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. துணிந்து வையுங்கள். முட்டை மறுநாள் ஆம்லெட்டாகலாம்.

சில்லறைக் கோளாறுகள்

சீவச் சீவ முனை உடைந்துகொண்டே வந்தால் பென்சில் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. உள்ளே முனை துண்டு துண்டாகியிருக்கும். தூக்கிப் போடுங்கள். வரைந்தது கைபட்டு ஈஷிக்கொள்கிறதா? கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள், வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாக ஷேட் செய்யுங்கள். விரலால் தேய்த்து ஷேடிங்கை மெத்தென்று ஆக்கும் பழக்கம் இருந்தால் ஆறு மாதம் நிறுத்திவையுங்கள். அது தப்பான கோட்டைத் திருத்தாது, மறைக்கும். விரலோ மணிக்கட்டோ வலித்தால் பிடியைத் தளர்த்துங்கள், பென்சிலை முனையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். மரத்துப்போனாலோ வலி நாள்கணக்கில் நின்றாலோ டாக்டரைப் பாருங்கள்.

இதுவரை சொன்னது கைக்கும் கண்ணுக்கும். இனி வருவது நோட்டு மூடியே கிடப்பதற்கான காரணங்கள். "மோட்டிவேஷன் இல்லைங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். காய்ச்சல் என்று சொல்கிற மாதிரிதான் அது. எதனால் காய்ச்சல் என்று பார்க்க வேண்டும்.

"நாலு நாளாச்சு நோட்டைத் தொட்டு"

முதல் மூன்று நாளும் எவ்வளவு நேரம் வரைந்தீர்கள்? இரண்டு மணி நேரம் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஆசையில் தொடங்கிய அளவையே தினக் கடமையாக வைத்துக்கொண்டால், அலுப்பான ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தாலே நோட்டின் பக்கம் போகத் தோன்றாது. பத்து நிமிடம் என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வரையலாம். கட்டாயம் பத்து மட்டும்.

பிறகு, நோட்டு எங்கே இருக்கிறது? பீரோவில் என்றால் வெளியே எடுங்கள். என்னுடையது சாப்பாட்டு மேஜையில், அட்டையோடு, பென்சில் சீவி, திறந்த பக்கத்தோடு கிடக்கும். காலையில் காபி ஆறுகிற நேரத்தில் பத்து கோடு. வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து வரையாதீர்கள். நாலு நாள் பாக்கி 40 நிமிடம் என்று கணக்குப் போட்டால் ஐந்தாம் நாளும் போய்விடும். கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், இந்த ஒரு பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடலாம்.

"நல்ல நோட்டு, கெட்டுடுமே"

கெட்டியான தாள், தைத்த முதுகு, எலாஸ்டிக் பட்டி வைத்த நோட்டு ஒன்றை ஆசையாக வாங்கினேன். இரண்டு வருடம் கன்னி கழியாமல் இருந்தது. அதில் வரையத் தகுதியான படம் வரட்டும் என்று காத்திருந்தேன். இதற்கிடையே ஆபீசில் ஒருபக்கம் அச்சான வீண் தாள்களின் பின்பக்கத்தில் நூற்றுக்கணக்கில் டம்ளர் வரைந்து தள்ளியிருந்தேன்.

அதிலிருந்து கற்றது: பயிற்சிக்கு ஜெராக்ஸ் தாள். ஒரு ரீமில் 500 தாள், இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம் பக்கம். நல்ல நோட்டு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் பக்கத்தில் பென்சில்களைக் கிறுக்கிப் பாருங்கள், பேனா எழுதுகிறதா என்று சுழியுங்கள், மளிகை லிஸ்ட் எழுதுங்கள். பயம் போய்விடும்.

"ஆறு மாசமா அப்படியேதான் இருக்கு"

பழைய தாள்களைத் தேதி போட்டு வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால், அப்படியேதான் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? இன்றிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி அதே டம்ளர், அதே மேஜை, அதே பென்சில். மூன்றாம் மாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் 14 டம்ளர் வரிசையாக இருக்கின்றன. இரண்டாவது முதல் ஐந்தாவது வரை உண்மையிலேயே முன்னேற்றமில்லை. ஐந்தாவது முதலாவதைவிட மோசம். தப்பு என்ன என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, கைக்கு இன்னும் திருத்தத் தெரியாத காலம் அது. ஆறாவதில் அடிப்பாகம் உருண்டது.

தேதி போட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால், சுலபமாக வருவதையே திரும்பத் திரும்ப வரைகிறீர்களா என்று பாருங்கள். பக்கவாட்டு முகம் இடதுபக்கம் பார்ப்பது மட்டும் ஐம்பது வரைந்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். வலதுபக்கம் திருப்பச் சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

"வீடியோ பார்த்தா வருது, மூடினா வரல"

பார்த்துப் பார்த்து அப்படியே போடும்போது முடிவுகளை எல்லாம் வீடியோவில் வரைகிறவர் எடுத்துவிடுகிறார். நீங்கள் பிரதி எடுக்கிறீர்கள். அதில் தப்பில்லை. பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு, அதையே ஞாபகத்திலிருந்து ஒருமுறை போடுங்கள். எங்கே சிக்குகிறதோ அந்த இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள். முப்பது விநாடி ரீல்ஸில் ஒரு முகம் முளைத்து வருவதைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம்; சில மணி நேர வேலையை ஓட்டிக் காட்டுகிறார்கள், கசக்கிப் போட்ட தாள்களைக் காட்டவில்லை.

"போர் அடிக்குது"

அடிக்கத்தான் செய்யும். கோடும் பெட்டியும் நீள்வட்டமும் மட்டுமே வாரம் முழுக்க என்றால் யாருக்கும் வெறுத்துப்போகும். எதற்காகப் பென்சிலை எடுத்தீர்களோ அது, பைக், சாமி படம், பூனை, நடிகர் முகம் எதுவானாலும் சரி, பாதி நேரம் அதற்குத்தான். "அடிப்படை முடியட்டும், பிறகு" என்று தள்ளிவைக்காதீர்கள். பூனை கேவலமாக வரும். எங்கள் வீட்டுப் பூனையை வரைந்து காட்டியபோது மகள், "அப்பா, இது பெருச்சாளியா?" என்றாள். ஆனால் அந்தப் பெருச்சாளிதான் எனக்கு எந்தப் பயிற்சி பாக்கி என்று காட்டியது: காது நிற்கும் தலை ஓர் உருண்டை என்பதை நான் வரையவே இல்லை. மறுநாள் உருண்டைப் பயிற்சி போரடிக்கவில்லை.

"வயசாயிடுச்சு", "கை வராது"

வின்சென்ட் வான்கா ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-இல், 27 வயதில். பெல்ஜியத்தில் போரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உட்கார்ந்து, சார்ல் பார்க் என்பவர் தயாரித்திருந்த பயிற்சித் தாள்களை வரிசையாகப் பார்த்து வரைந்தார், அதையே மறுபடியும் வரைந்தார். பிறகு நெதர்லாந்தில் ஹேக் நகரில் இருந்தபோது அளவு தப்பாமலிருக்க, குறுக்கே நூல் கட்டிய மரச்சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். நீங்களும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஜன்னல் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் தையல் நூல் ஒட்டிக்கொள்ளலாம். தாளிலும் அதே கட்டம் லேசாகப் போட்டுக்கொண்டால் எது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது சண்டையில்லாமல் தீரும்.

கை வராது என்பவர்களுக்கு நான் சொல்வது ஓவியர் கோபுலுவை. விகடனில் அத்தனை வருடம் வரைந்த வலக்கை பக்கவாதத்தால் முடங்கியபோது, இடக்கையால் வரையப் பழகிக்கொண்டு வரைந்தார். வரையத் தெரிவது மணிக்கட்டில் மட்டும் இருந்திருந்தால் இது நடக்க வாய்ப்பில்லை. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கண்ணுக்குப் பழகியது கூடவே இருந்தது. இன்னொரு கைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"வெளியில உட்கார்ந்து வரைய கூச்சமா இருக்கு"

வீட்டில் வரைந்து வரைந்து டம்ளர் தீர்ந்துபோனவர்களுக்கு வருகிற நல்ல கோளாறு இது. முதுகுக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பதுதான் பிரச்சினை. ஆகவே முதுகைச் சுவரில் கொடுத்து உட்காருங்கள். கோயில் என்றால் பிராகாரத் தூண். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரிலேயே உட்கார்ந்துதான் வரைந்தார். சிலை நகராது என்பது பழகுகிறவர்களுக்கும் வசதி. பெரிய நோட்டு வேண்டாம், உள்ளங்கை அளவுக்கு ஒரு பாக்கெட் நோட்டும் பேனாவும் போதும். கணக்கு எழுதுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

எப்படியும் ஒருவர் எட்டிப் பார்ப்பார். "என்னங்க, சர்வேயா?" என்பார். வரைகிறேன் என்றால், "என்னையும் ஒண்ணு போடுங்களேன்" என்பார். போடலாம். தப்பாக வந்தாலும் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்துக்கொள்வார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் நிற்கிறவர்களை எடுக்காதீர்கள், உட்கார்ந்திருப்பவர்களை எடுங்கள். போன் பார்த்துக்கொண்டிருப்பவர் என்றால் இன்னும் நல்லது, பத்து நிமிடம் அசையமாட்டார். முகத்தில் தொடங்க வேண்டாம். தலை ஓர் உருண்டை, தோளின் சாய்வு, முதுகின் வளைவு, பை எந்தப் பக்கம் கனக்கிறது, இவ்வளவும் முதல் ஒரு நிமிடத்தில். பஸ் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். பாதியில் நிற்கும் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தவரைத் தொடங்குங்கள்.